தளவரிசை: ஒரு சொல்லும் அதனுள் அமைந்த கணக்கும்

எண்ணையும் எழுத்தையும் மாந்தர்க்கு இரு கண்களாக வைத்துப் போற்றியது தமிழ் மரபு. வள்ளுவப் பெருந்தகையும் ஔவைப் பிராட்டியும் இவ்விரண்டையும் ஒருசேரவே கூறினர். ஆயினும் நம் கல்லூரிகளில் எழுத்து ஒரு துறையாகவும் எண் வேறொரு துறையாகவும் பிரிந்து, ஒன்றன் வாயிலை மற்றொன்று மிதியாத நிலை வந்துவிட்டது. தமிழ்த்துறை மலரில் தரைக்கு ஓடு பாவும் கணக்கைப் பற்றி ஒரு கட்டுரையா என வியப்போர் இருக்கக்கூடும். அவ்வியப்பு நீங்க, எனக்கு நேர்ந்த ஒரு தலைக்குனிவை முதலில் கூறிவிடுவதே முறையாகும்.

வத்திராயிருப்புக்கு அருகே, சதுரகிரி மலையின் அடிவாரத்தில் அமைந்த சிற்றூர் மகாராஜபுரம். என் தமக்கையார் வாழ்க்கைப்பட்ட ஊர் அது. சில ஆண்டுகளுக்கு முன் அவர்தம் மகளுக்கு நிக்காஹ் உறுதியாயிற்று. சுண்ணாம்புத் தரை பெயர்ந்து கிடந்த முன்னறைக்குப் புதிதாக ஓடு பாவ வேண்டும் என்றார். சிறுகச் சிறுகச் சேர்த்த தொகையை என்னிடம் தந்து, “நீ படித்தவன், கணக்குப் பார்த்து வாங்கி அனுப்பு” என்றார். அறையின் நீளம் 12 அடி. அகலம் 10 அடி. செட்டிநாட்டுப் பக்கத்தில் கையால் வார்க்கப்படும் செந்நிறப் பத்தங்குலச் சதுர ஓடு அவருக்குப் பிடித்திருந்தது. 144 அங்குலத்தை 120 அங்குலத்தால் பெருக்கினேன். 17,280 சதுர அங்குலம். ஓர் ஓடு 100 சதுர அங்குலம். வகுத்தால் 172.8. பின்னத்தை முழுமையாக்கி 173 ஓடுகள் அனுப்பிவைத்தேன். ஒன்றுகூட உடையாமல் ஊர் சென்று சேர்ந்தன.

நிக்காஹுக்கு ஆறு நாள் இருக்கையில் கொத்தனார் அழைத்தார். ஓர் ஓடு குறைகிறது என்றார். நான் நம்பவில்லை. கணக்கை அவரிடம் ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சார், உங்க கணக்குத் தப்பில்லை. ஆனா ஓடு பரப்பாவா வருது? வரிசையாத்தானே வருது!” என்றார்.

அந்த ஒரு தொடரே இக்கட்டுரைக்கு வித்து.

சொல் காட்டும் வழி

தரையில் கல்லும் ஓடும் பதிக்கும் பணிக்குத் தமிழில் வழங்கும் பழஞ்சொல் ‘தளவரிசை’ என்பது. தளம், வரிசை என்னும் இரு சொற்கள் இணைந்தது இது. பலமுறை இச்சொல்லை வகுப்பில் எடுத்துரைத்திருக்கிறேன், பகுத்தும் காட்டியிருக்கிறேன். ஆயினும் அதன் பிற்பகுதி எதனைச் சொல்லுகிறது என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்தேனில்லை. தளம் என்பது இடம். வரிசை என்பது அவ்விடத்தை நிறைக்கும் முறை. நிலத்தைப் பரப்பால் அளக்கலாம். ஓட்டை வரிசையால்தான் எண்ணவேண்டும். கொத்தனார் சொன்னதை அச்சொல் நெடுங்காலமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

‘பாவுதல்’ என்னும் வினையும் இவ்வாறே. பரவச் செய்தல், தளம் அமைத்தல் என்னும் பொருள்களில் வழங்கும் சொல் அது. நெசவாளர் தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் நூலுக்கும் ‘பாவு’ என்றே பெயர். மகாராஜபுரத்துக்கு அண்மையில் உள்ள சுந்தரபாண்டியத்தில் கைத்தறி நெசவாளர் பலர் வாழ்கின்றனர். அவர்கள் துணியின் பரப்பை அளந்து பாவு போடுவதில்லை. இத்தனை இழை என்று எண்ணியே போடுகின்றனர். அரை இழை என்று ஒன்று தறியில் இல்லை. தரை பாவுவோனுக்கும் தறியில் பாவு போடுவோனுக்கும் உரிய கணக்கு ஒன்றே: அளந்த பின் எண்ணுதல்.

முன்னோர் கற்ற கணக்கு

திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடி பயின்ற காலத்தில் பரப்புக் கணக்கு மனப்பாடமாகவே கற்பிக்கப்பட்டது. சதுர அளவைக்குக் ‘குழி’ என்று பெயர். 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி என்பது தஞ்சைப் பகுதி வழக்கு. பேரெண்களையும் சிற்றெண்களையும் தம்மால் தாமே பெருக்கி வரும் தொகைகளைக் ‘குழிமாற்று’ என்னும் வாய்பாடாக மாணாக்கர் ஒப்பித்தனர்.

காரிநாயனார் இயற்றிய ‘கணக்கதிகாரம்’ நிலம், பொன், நெல், அரிசி, கல் முதலியவற்றுக்கெல்லாம் கணக்கு வழி கூறும் செய்யுள் நூல். வட்ட வடிவான நிலத்தின் பரப்பைக் காண அது கூறும் வழி எளிமையானது: சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்குக என்பதே அது. கி.பி. 499இல் ஆரியபடர் இயற்றிய நூலிலும் இதே வழி உண்டு. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி, தம் இயற்கணித நூலின் நில அளவைப் பகுதியில் கூறுவதும் இவ்வழியே. வடமொழியும் அரபு மொழியும் தமிழும் ஒரே விதியை ஒரே வடிவத்தில் சொல்லியிருப்பது எண்ணுந்தோறும் இன்பம் பயப்பதாகும்.

நம் முன்னோர் பின்னங்களுக்கு வைத்த பெயர்களும் கருதத்தக்கவை. இருபதில் ஒன்று மா. பதினாறில் ஒன்று வீசம், அதற்கே மாகாணி என்றும் பெயர். எண்பதில் ஒன்று காணி. முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. நான் கண்ட 172.8 என்னும் விடையை அவர்கள் நூற்று எழுபத்திரண்டே முக்காலே ஒருமா என்றிருப்பர். நிலத்தில் முக்காலே ஒருமாவுக்குப் பொருள் உண்டு. நெல்லிலும் பொன்னிலும் உண்டு. அவை பகுக்கப் பகுக்கத் தம் தன்மை மாறாதவை. ஓடு அத்தகையது அன்று. அதனை வெட்டலாம், வெட்டிய துண்டுகளை மீண்டும் ஓர் ஓடாக ஒட்ட இயலாது. எனக்கு நேர்ந்த பிழை பெருக்கலில் இல்லை. நிலத்துக்குரிய கணக்கை ஓட்டுக்கு உரியதாகக் கொண்டதே பிழை.

ஓர் ஓடு எங்கே போயிற்று?

இனி, மகாராஜபுரத்து அறையை வரிசைக் கணக்கால் மீண்டும் காண்போம். நீளம் 144 அங்குலம். பத்தங்குல ஓடு முழுமையாக 14 வைக்கலாம். மீதி 4 அங்குலம். அகலம் 120 அங்குலம். அதில் ஓடு சரியாக 12 வரிசை. ஆகவே முழு ஓடுகள் 14 × 12 = 168. சுவரோரமாக 4 அங்குல அகலமுள்ள ஒரு பட்டை எஞ்சுகிறது. அதனை நிறைக்க 4 அங்குலத் துண்டுகள் 12 வேண்டும். ஓர் ஓட்டை வெட்டினால் அத்தகைய துண்டு இரண்டு கிடைக்கும்; 2 அங்குலச் சில்லு ஒன்று மீந்துவிடும். 12 துண்டுகளுக்கு 6 ஓடுகள். ஆகக் கூடுதல் 174.

நான் அனுப்பியவை 173. முழு ஓடுகள் 168 போக மீதி 5. அவற்றில் கிடைத்த துண்டுகள் 10. இரண்டு துண்டுக்கான இடம் வெறுமையாக நின்றது. கொத்தனாரிடம் ஈரங்குலச் சில்லுகள் ஐந்து மீந்திருந்தன. அவற்றுள் நான்கை இரண்டிரண்டாகச் சேர்த்தால் அவ்விடம் சரியாக நிறைந்துவிடும். ஒரு சில்லு மிஞ்சும். அந்த ஒரு சில்லுதான் 173க்கும் 172.8க்கும் உள்ள வேறுபாடு! என் கணக்கு ஏட்டளவில் எவ்வளவு துல்லியமானது என்பதற்கு அச்சில்லே சான்று. ஆனால் கையால் வார்த்த ஓட்டின் ஈரங்குலச் சில்லு காலடி பட்டாலே விரிந்துவிடும் என்றார் கொத்தனார். “கல்யாண வீட்டுல ஒட்டுப்போட்ட தரை வேணாம் சார்” என்றும் சொன்னார்.

பரப்புக் கணக்கு 172.8 என்கிறது. வரிசைக் கணக்கு 174 என்கிறது. இடைப்பட்ட 1.2 என்பது ஆறு சில்லுகளின் பரப்பு, பயன்படாது கழிவது. வெட்டிய ஓட்டின் மறுபாதியைப் பயன்படுத்தாமல் துண்டுக்கு ஓர் ஓடு என்று எடுத்தால் 15 × 12 = 180 ஆகும். ஆகவே, ஒரே அறைக்கு 173, 174, 180 என மூன்று விடைகள். முதலாவது ஏட்டின் விடை. இரண்டாவது தேர்ந்த கையின் விடை. மூன்றாவது கவனமற்ற கையின் விடை. இவற்றோடு வண்டியிலும் வெட்டும்போதும் உடைபவற்றுக்காக நூற்றுக்கு ஐந்து கூட்டிக்கொள்வது வழக்கம். 174க்கு ஐந்து விழுக்காடு ஏறத்தாழ 9. ஆக, நான் அனுப்பியிருக்க வேண்டியவை 183.

குறைந்த ஓர் ஓட்டுக்காக மீண்டும் சொல்லியனுப்பினேன். முதல் முறை வார்த்த ஓடுகள் தீர்ந்துவிட்டிருந்தன. அடுத்த முறை வார்த்தவற்றின் செம்மை சற்றே வேறாயிருந்தது. வண்ணக் கலவை கைப்பக்குவத்தால் அமைவது. இரு நாள் பக்குவம் ஒன்றாயிராது. அந்த ஓட்டை வெட்டிக் கதவுக்குப் பின்னே பதித்தார் கொத்தனார்.

கரையும் உடலும்

சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடியில் வார்க்கப்படும் ஓடுகள் தமிழகமெங்கும் பெயர் பெற்றவை. கண்ணாடித் தகட்டின்மேல் சட்டத்தை வைத்து, பூ வடிவ அச்சில் வண்ணச் சாந்தை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, பின்னர் நீரில் ஊறவைத்து உலர்த்துவர். சூளையில் சுடுவதில்லை. கண்ணாடியின் வழவழப்பே ஓட்டின் முகத்தில் ஏறிவிடுகிறது.

பூ ஓடு பாவும்போது கணக்கு இன்னும் ஒரு படி நுட்பமாகிறது. நான்கு ஓடுகள் சேர்ந்து ஒரு பூவாகும் வகை உண்டு. அதற்கு வரிசைகளும் ஒவ்வொரு வரிசையிலுள்ள ஓடுகளும் இரட்டைப்படையில் அமைதல் வேண்டும். இன்றேல் சுவரோரத்தில் பாதிப் பூவே நிற்கும். சேலைக்குக் கரையும் உடலும் போலத் தரைக்கும் கரை ஓடு வேறு, உடல் ஓடு வேறு. கரை ஓட்டை எண்ணுவதில் பலரும் தவறுவர். 14 ஓடு நீளமும் 12 ஓடு அகலமும் கொண்ட தரையைச் சுற்றிக் கரை வைக்க எத்தனை ஓடு வேண்டும்? 14, 14, 12, 12 எனக் கூட்டி 52 என்பர். நான்கு மூலை ஓடுகளும் ஒவ்வொன்றும் இருமுறை எண்ணப்பட்டிருப்பதை உணரார். நான்கைக் கழித்தால் 48. மூலைக்குத் தனி வடிவம் உண்டெனில் நேர்க்கரைக்கு 44, மூலைக்கு 4 என எழுதுதல் வேண்டும். உள்ளே எஞ்சும் உடல் 12 × 10 = 120; நான்கு ஓட்டுப் பூக்கள் 30. கரையும் உடலும் சேர்ந்து 168.

இந்த 168ஐ முன்னரே கண்டோம். என் தமக்கையார் அறையில் முழு ஓடுகள் அத்தனையே. எஞ்சிய நான்கங்குலத்தை நீளவாக்கில் இருபுறமும் இரண்டிரண்டங்குலமாகப் பகுத்து, அவ்விடத்தைச் செங்காவிச் சிமெண்டால் பூசியிருந்தால் ஓர் ஓட்டையும் வெட்ட வேண்டியதில்லை. “முதல்லயே கேட்டிருந்தா 168லயே முடிச்சிருப்பேன் சார்” என்றார் கொத்தனார். கணக்கின் தலைசிறந்த விடை சில வேளைகளில் கூட்டுவதில் இல்லை. இடத்தைப் பொருளுக்கேற்ப அமைத்துக்கொள்வதில் இருக்கிறது.

அளவையும் வாய்பாடும்

கட்டட வேலையில் 100 சதுர அடியை ஒரு ‘சதுரம்’ என்பர். சதுரம் ஒன்றுக்கு எட்டங்குல ஓடு 225, பத்தங்குல ஓடு 144, ஓரடி ஓடு 100. இம்மூன்றையும் மனத்தில் கொண்டால் எந்த அறைக்கும் முதல் மதிப்பீடு நொடியில் கிடைத்துவிடும். ஆனால் அது முதல் மதிப்பீடே, முடிவன்று.

இக்காலத்தில் பெரிதும் வாங்கப்படும் ‘இரண்டுக்கிரண்டு’ ஓடுகளில் வேறோர் இடறல் உண்டு. பெயர் இரண்டடி; உண்மை அளவோ பெரும்பாலும் 600 மில்லிமீட்டர். இரண்டடி என்பது 609.6 மில்லிமீட்டர். ஓர் ஓட்டின் பரப்பு 4 சதுர அடி எனக் கொள்கிறோம், உண்மையில் 3.875. நான்கு ஓடு கொண்ட ஒரு பெட்டி 16 சதுர அடியை மூடாது, பதினைந்தரையையே மூடும். 1000 சதுர அடிக் கூடத்துக்கு 250 ஓடுகள் போதும் என எண்ணுவோர்க்கு 259 வேண்டியிருக்கும். அதுவும் பரப்புக் கணக்கே. வெட்டும் உடைவும் அதில் சேரவில்லை. அடியில் அளந்த அறைக்கு மில்லிமீட்டரில் செய்த ஓடு என்னும்போது இரண்டையும் ஓரளவைக்குக் கொண்டுவந்த பின்னரே வகுத்தல் வேண்டும். பெட்டியின்மேல் அச்சிட்டுள்ள வார்ப்பு எண்ணும் நிற எண்ணும் எல்லாப் பெட்டிகளிலும் ஒன்றாக உள்ளனவா என்றும் பார்த்தல் வேண்டும். கதவுக்குப் பின்னே பதித்த ஓடு எனக்குக் கற்பித்த பாடம் இது.

வட்டமான தரைக்கு இவ்வேறுபாடு மிகுதி. 7 அடி விட்டமுள்ள மேடையைக் கொள்வோம். சுற்றளவு ஏறத்தாழ 22 அடி. காரிநாயனார் வழியில் 11ஐ மூன்றரையால் பெருக்கினால் முப்பத்தெட்டரைச் சதுர அடி. பத்தங்குல ஓடு 56 வேண்டும் என்கிறது பரப்பு. மேடையின் நடுவில் ஓர் ஓட்டை வைத்துக் கட்டம் வரைந்து பார்த்தால், வட்டம் தொடும் ஓடுகள் 69! விளிம்பில் வெட்டிய துண்டுகள் வளைந்த முனை கொண்டவை. அவற்றுள் வேறிடத்துக்குப் பொருந்துவன சிலவே.

சாய்ந்த பரப்பும் சாய்ந்த வரிசையும்

கூரைக்கு ஓடு வேயும் கணக்கில் வேறிரண்டு நுட்பங்கள் உள. தமிழகத்தில் கூரை ஓட்டின் வரலாறு மிகப் பழையது. கீழடி அகழாய்வில் விரலால் இழுத்த பள்ளங்களும் துளைகளும் உடைய சுடுமண் கூரை ஓடுகள் கிடைத்துள்ளன. நாம் சீமை ஓடு என வழங்கும் மங்களூர் ஓட்டை, 1865இல் அந்நகரில் பாசல் மிஷனார் நிறுவிய ஆலை பெருமளவில் செய்யத் தொடங்கியது.

முதல் நுட்பம்: கூரையின் பரப்பு, அது நிழல் தரும் தரையின் பரப்பன்று. 16 அடி அகலமும் 20 அடி நீளமும் உள்ள வீட்டுக்குச் சுவரிலிருந்து 6 அடி உயரத்தில் முகடு அமைந்தால், ஒவ்வொரு புறமும் சரிவின் நீளம் 10 அடி. தரை 320 சதுர அடி, கூரையோ 400. இரண்டாம் நுட்பம்: ஓர் ஓடு மற்றோர் ஓட்டின்மேல் ஏறி அமரும். எனவே ஓட்டின் முழு அளவைக் கொள்ளாது வெளியே தெரியும் பகுதியையே கொள்ளுதல் வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 15 சீமை ஓடு எனக் கொள்வது வழக்கம். அதன்படி இக்கூரைக்கு ஏறத்தாழ 557. தரைப் பரப்பைக் கொண்டிருந்தால் 446 என்று வந்திருக்கும். நூற்றுக்கு மேற்பட்ட ஓடுகள் குறைந்து கூரை திறந்து கிடக்கும். முகட்டு ஓடுகள் தனி.

தரையிலும் சாய்ந்த வரிசை அமைவதுண்டு. பள்ளிவாசல் தளத்துக்கு ஓடு பாவுவோர் இதனை நன்கறிவர். நம் பகுதியிலிருந்து மக்கா நேர் மேற்கில் இல்லை. அதிலிருந்து ஏறத்தாழ 23 பாகை வடக்கே சாய்ந்திருக்கிறது. தெருவையொட்டிச் சுவர் எழுப்பிய கூடத்தில் கிப்லாவை நோக்கித் தொழுகை வரிசை அமைந்தால் அது சுவருக்குச் சாய்வாகவே விழும். அந்த வரிசையை ஒட்டி ஓடு பாவினால் நாற்புறச் சுவரோரத்திலும் சாய்ந்த வெட்டுகள். அவற்றின் மறுபாதி பல இடங்களில் உதவாது. அத்தகைய தளத்துக்கு நூற்றுக்கு ஐந்து போதாது. பத்து முதல் பதினைந்து வரை கூட்டுதல் வேண்டும். திசைக்கேற்பவே சுவர் எழுப்பிய பள்ளிவாசலில் கணக்கு எளிது. ஒரு ஸஃபுக்கு ஏறத்தாழ நான்கடி; 600 மில்லிமீட்டர் ஓடு இரண்டு. தளவரிசையும் தொழுகை வரிசையும் அங்கு ஒன்றாகிவிடுகின்றன.

பள்ளிவாசல் பணம் ஊரார் கூடித் தந்த அமானிதம். அதில் தேவைக்கு மிக வாங்கிக் குவிப்பது வீண்விரயம். குறைய வாங்கி நிறம் மாறிய தளத்தை விடுவது பொறுப்பின்மை. அளவையிலும் நிறுவையிலும் குறை செய்யாதிருக்கக் கட்டளையிடும் மார்க்கத்தைச் சார்ந்தோர்க்கு இக்கணக்கு வெறுங்கணக்கு அன்று.

அறிஞரும் வினைஞரும்

கி.பி. 940இல் குராசானின் பூஸ்ஜான் என்னும் ஊரில் பிறந்து, இளமையிலேயே பக்தாத் சென்று, 998இல் மறைந்த கணித அறிஞர் அபுல் வஃபா. கைவினைஞருக்கு வடிவக் கணிதத்தில் தேவைப்படுவன எவை என்பது பற்றியே அவர் தனி நூல் ஒன்று இயற்றினார். வடிவக் கணித அறிஞரும் கைவினைஞரும் கூடிய அவையில் எழுந்த ஒரு வினாவை அந்நூலில் அவர் எடுத்துரைக்கிறார். ஒத்த அளவுள்ள மூன்று சதுரங்களை வெட்டிச் சேர்த்து ஒரே சதுரமாக்குவது எவ்வாறு என்பது அவ்வினா. ஓடும் மரமும் பதிப்போர்க்கு அது அன்றாடத் தேவை.

அறிஞர்கள் பெரிய சதுரத்தின் பக்க அளவைக் கோடாக வரைந்து காட்டினர். அதற்கேற்ப ஓட்டை எங்கே வெட்டுவது என்பதை அவர்கள் காட்டவில்லை. வினைஞர்கள் வெட்டிச் சேர்த்துக் காட்டினர். அவர்தம் வழிகளுள் சில கண்ணுக்குச் சரியாகத் தோன்றினும் கணக்குக்குச் சரியாக வரவில்லை. அபுல் வஃபா இரு திறத்தார் குறையையும் எடுத்துக்காட்டினார். பின்னர், இரண்டு சதுரங்களை மூலைக்கு மூலை வெட்டி நான்கு முக்கோணமாக்கி, மூன்றாம் சதுரத்தின் நான்கு பக்கத்திலும் பொருத்தி, வெளியே நீளும் முனைகளை வெட்டிக் குறைந்த இடங்களில் வைத்து நிறைக்கும் வழியைக் கூறினார். ஒரு துளியும் கழிவின்றி மூன்று ஒன்றாகிறது. கணக்கும் பிழையாவதில்லை, கையும் தடுமாறுவதில்லை.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பக்தாதில் எழுந்த அவ்வினாவே மகாராஜபுரத்து முன்னறையிலும் எழுந்தது. அங்கே அறிஞர் இடத்தில் நான் இருந்தேன். வினைஞர் இடத்தில் கொத்தனார் இருந்தார். வேறுபாடு ஒன்றே: அவர்கள் வேலைக்கு முன் கூடிப் பேசினர்; நான் வேலை முடியும் வேளையில் பேசினேன்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் ஓட்டுக் கணக்குக்குரிய முறை பின்வருமாறு தேறும். முதலாவது, அறையின் நாற்புறத்தையும் தனித்தனியே அளத்தல் வேண்டும்; பழைய வீடுகளில் எதிர்ச்சுவர்கள் ஒத்திருப்பது அரிது. மூலைக்கு மூலை நூல் பிடித்து இரண்டும் ஒன்றாகின்றனவா எனப் பார்த்தால் கோணல் தெரிந்துவிடும். இரண்டாவது, அறையின் அளவையும் ஓட்டின் உண்மை அளவையும் ஓரளவையில் எழுதுதல் வேண்டும். மூன்றாவது, நீளத்தையும் அகலத்தையும் தனித்தனியே ஓட்டின் அளவால் வகுத்து, முழு ஓடு எத்தனை, மீதி எவ்வளவு எனக் காணுதல் வேண்டும். நான்காவது, மீதித் துண்டு ஓர் ஓட்டில் எத்தனை கிடைக்கும் என்று பார்த்தல் வேண்டும். ஐந்தாவது, கரை, மூலை, முகடு ஆகியவற்றை வேறாக எண்ணுதல் வேண்டும். ஆறாவது, உடைவுக்குரியதைக் கூட்டி, எல்லாவற்றையும் ஒரே வார்ப்பில் வாங்குதல் வேண்டும். இவை அனைத்துக்கும் முன்னதாக, தரையில் முழந்தாளிட்டு வேலை செய்யப்போகும் மனிதரை ஒருமுறை கேட்டுவிடுதல் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! உங்களுள் பலர் கொத்தனார் வீட்டுப் பிள்ளைகள். தறிகாரர் வீட்டுப் பிள்ளைகள். கல்லூரியில் பயிலும் கணக்கு வேறு, தந்தையார் கையில் உள்ள கணக்கு வேறு என்று எண்ணிவிடாதீர்கள். அவர்கள் வாயில் வழங்கும் சதுரம், மட்டம், நூல் பிடித்தல், பாவு, கரை ஆகிய சொற்களைக் குறித்து வையுங்கள். அவற்றுள் எந்தச் சொல்லுக்குள் எந்தக் கணக்கு இருக்கிறது என்பதை நாம் இன்னும் முழுமையாகப் பார்த்தோமில்லை.

நிக்காஹ் இனிதே நடந்தேறியது. மகாராஜபுரம் செல்லும்போதெல்லாம் கதவுக்குப் பின்னே உள்ள அந்த ஓட்டை நான் பார்க்கத் தவறுவதில்லை. தமக்கையார் அதனைக் குறையாக ஒருநாளும் சொன்னதில்லை. அண்மையில் சென்றபோது, தவழப் பழகும் பேரப்பிள்ளை அதன்மேல் அமர்ந்து விளையாடிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்த தமக்கையார், “உன் மாமா போட்ட கணக்குமேலதான் உட்கார்ந்திருக்கே” என்று குழந்தையிடம் சொல்லிச் சிரித்தார்.